தோட்ட மண்டபத்தில் ஓர் உளவியல் குற்ற நாடகத்தை மேடையேற்றுதல்: முழுமையான வழிகாட்டி

பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு மாலையில் கூடி நாடகம் போடும் இலங்கை மலையகக் குழுக்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். புதிய குழுக்கள் இவ்வகை நாடகத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகின்றன. இரத்தம், இருட்டு, அலறல் ஆகியவற்றை முதலில் தேடிக்கொண்டு, எந்த உண்மை யாருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுகிறார்கள். கீழே உள்ள படிகளின் வரிசை அந்தத் தவறைத் தவிர்ப்பதற்காகவே அமைக்கப்பட்டுள்ளது.

மண்டபம் உறுதியான நாளிலிருந்து பதினான்கு வாரங்களை ஒதுக்குங்கள். ஐந்து அல்லது ஆறு நடிகர், ஓர் அரங்க முகாமையாளர், ஒளிக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர் என்ற அளவு போதும். அரங்க முகாமையாளர் நடிக்கக்கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

1. எழுத்துருவுக்கு முன் மண்டபத்தையும் பருவத்தையும் பாருங்கள்

குற்ற நாடகம் மௌனத்தை நம்பி நிற்பது. எங்கள் மண்டபங்களில் பெரும்பாலானவை தகரக் கூரை வேய்ந்தவை. மழை பிடித்துக்கொண்டால் முதல் வரிசையில் இருப்பவருக்குக்கூட வசனம் கேட்காது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் வடகீழ் மழை டிசெம்பரிலும் ஜனவரியிலும் வலுத்து நிற்கும். அங்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான காலம் நாடகத்துக்கு ஏற்றது. மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்லது. மார்ச் கடைசி, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வருவதால், அந்த மாதங்களில் மாலைக் காட்சியை எங்குமே வைக்காதீர்கள்.

மாசி மாதத்தில் தோட்டங்களில், காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் இரவுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் நடிகரிலும் தப்பு (பறை) அடிக்கும் கலைஞரிலும் பாதிப்பேர் அங்கே இருப்பார்கள். பார்வையாளரும் அங்கேதான் இருப்பார்கள். டிசெம்பர் பௌர்ணமி முதல் வெசாக்வரை சிவனொளிபாதமலைப் பருவம் என்பதால், ஹட்டன், மஸ்கெலியா வழியில் வார இறுதி பஸ்களில் நெரிசல் இருக்கும். வெளியூர்ப் பார்வையாளரை எதிர்பார்க்கும் குழு இதை மறந்துவிடக்கூடாது.

மண்டபத்துக்கு நீங்கள் காட்சி நடத்தப்போகும் அதே நேரத்தில் செல்லுங்கள். எங்கள் வானம் ஆறு, ஆறரைக்குத்தான் இருட்டுகிறது. நான்கு மணிக் காட்சிக்கு இருட்டு வேண்டுமென்றால், எத்தனை சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அந்த நேரத்திலிருந்து முக்கால் மணியைக் கழித்தால் நாடகம் முடிய வேண்டிய நேரம் வரும். முடிவுக் காட்சியில் பாதிப்பேர் எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவதை ஒருமுறை பார்த்தேன். அதன் பிறகு எந்த எழுத்துருவையும் தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் போக நான் விடுவதில்லை.

ஞாயிறும் போயா எனும் பௌர்ணமி விடுமுறையும் பொருத்தமான நாட்கள். பாடசாலை மண்டபம் என்றால் பரீட்சைக் காலத்தை அதிபரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

2. உரிமையும் அனுமதியும்

வேறொருவருடைய நாடகத்தை மொழிபெயர்த்தோ தழுவியோ போடுவதானால் உரிமையாளரின் எழுத்து அனுமதி தேவை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டுகள்வரை படைப்பைப் பாதுகாக்கிறது. நுழைவுச்சீட்டு விற்காவிட்டால் அனுமதி வேண்டியதில்லை என்று பலர் நம்புவது தவறு. 1849 இல் இறந்த எட்கர் அலன் போவின் மூலக்கதைகளை நீங்கள் தழுவலாம். ஆனால் அவற்றின் அண்மைக்காலத் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்தால் மொழிபெயர்ப்பாளருடைய உரிமை குறுக்கே நிற்கும். என் ஆலோசனை, உங்கள் ஊரின் கதையை நீங்களே எழுதுவதுதான்.

பொது ஆற்றுகைகளை ஒழுங்குபடுத்தும் 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, பொதுமக்களுக்கு மேடையேற்றும் நாடகத்தின் பிரதி முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பிரதியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் காலத்தையும் பதினான்கு வாரங்களுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்த பிறகு வசனங்களைப் பெரிதாக மாற்றாதிருக்க, பிரதியை நன்றாகத் திருத்தி முடித்த பின்னரே அனுப்புங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனியே வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை அது பொதுவாகக் கிடைக்காது.

3. முதலில் உண்மையை எழுதுங்கள், பிறகு நாடகத்தை எழுதுங்கள்

இதுவே முழு வேலையின் மையம். அவசரப்படாமல் மூன்று வாரம் கொடுங்கள்.

விளக்கத்துக்காக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். பங்களாக் காவற்காரர் ஒருவர் பின்கதவருகே இறந்து கிடக்கிறார். பங்களாவில் சமையல் வேலை செய்யும் மருதாயி, முந்திய மாலை பின்கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டியதாக உறுதியாகச் சொல்கிறாள். சாவி மேசையில் கிடக்கிறது. கடந்த சில வாரங்களாகவே அவள் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. வீட்டார் அவளுக்கு மறதி முற்றிவிட்டதாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள், அவளும் அதை நம்பத் தொடங்கியிருக்கிறாள். பொருட்களை இடம் மாற்றுபவர், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. கொலை நடந்த நேரத்தில் தாம் தேயிலை மலையில் அந்திக் கொழுந்தை எடை போட்டுக்கொண்டிருந்ததாக அவர் சொல்கிறார்.

முதல் தாளில், மேடையில் நடப்பதை விட்டுவிட்டு, உண்மையில் நடந்ததை மட்டும் நேர வரிசைப்படி எழுதுங்கள். எத்தனை மணிக்கு மழை தொடங்கியது, யார் எந்தப் பாதையால் வந்தார், சாவி எப்போது ஆணியை விட்டு நீங்கியது என்பவை அதில் இருக்க வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் எழுதத் தொடங்கிய குழுக்கள், ஒத்திகை பாதி கடந்த பிறகு நடிகர் ஒருவர் “அப்படியென்றால் நான் அந்த நேரத்தில் எங்கே இருந்தேன்?” என்று கேட்கும்போது பதிலில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் காட்சிகள், மேலே ஒவ்வொரு பாத்திரத்தின் பெயர், கடைசிக் கட்டத்தில் ‘பார்வையாளர்’. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் அவரவருக்கு என்ன தெரியும், என்ன தவறாகத் தெரியும் என்பதை நிரப்புங்கள். ஒரு காட்சி முடிந்த பிறகும் எந்தக் கட்டத்திலும் மாற்றமில்லையென்றால் அந்தக் காட்சி நாடகத்துக்குத் தேவையில்லை. எவ்வளவு அழகான வசனம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

இனி, கொலையாளி யாரென்பதைக் கடைசிவரை மறைப்பதா, முன்பே காட்டுவதா என்ற கேள்வி. புதியவர்கள் மறைக்கவே விரும்புகிறார்கள். எங்கள் மண்டபங்களில் நான் முன்பே காட்டச் சொல்கிறேன். காமன் எரிக்கப்படுவான் என்பது தெரிந்தேதான் எங்கள் மக்கள் ஒவ்வொரு மாசியிலும் கூடுகிறார்கள். தெரிந்திருந்தும் ரதியின் ஒப்பாரியில் அழுகிறார்கள். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளுக்கும் அப்படித்தான். வரப்போவதை அறிந்துகொண்டு அதற்காகப் பதறும் பழக்கம் எங்கள் பார்வையாளருக்கு நன்றாக உண்டு. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

நடைமுறைக் காரணமும் உண்டு. பிந்தி வருபவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வருபவர்கள், திடீர் மழை என்று எங்கள் மண்டபங்களில் கவனம் அடிக்கடி அறுபடும். ஒரே வசனத்தில் தொங்கும் புதிர் அப்போது காணாமற்போகிறது. அதற்கு மாறாக, கணக்கப்பிள்ளை சாவியை எடுப்பதைப் பார்வையாளர் இரண்டாம் காட்சியிலேயே கண்டுவிட்டால், அதன் பிறகு மருதாயி ஆணியைத் தடவும் ஒவ்வொரு தடவையும் மண்டபமே மூச்சைப் பிடிக்கும். “அவன்தான் எடுத்தான்!” என்று பின்வரிசையிலிருந்து யாராவது சத்தமிடுவார்கள். அதைக் குழப்பமாக எண்ண வேண்டாம். நாடகம் பிடித்துவிட்டதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. அவர் ஏன் அப்படிச் செய்கிறார், எதுவரை போவார் என்பவற்றை மட்டும் கடைசிவரை வைத்திருங்கள்.

தடயங்களை மூன்று முறை வையுங்கள். முதல் முறை சாதாரணப் பொருளாக, இரண்டாம் முறை வேறு பேச்சுக்கு நடுவே, மூன்றாம் முறை அதன் பொருள் வெளிப்படும் இடத்தில். ஒரே ஒரு முறை மட்டும் காட்டிய தடயத்தைப் பார்வையாளர் தவறவிட்டால், குறை அவர்களுடையது ஆகாது.

தடயம் உங்கள் மண்ணிலிருந்து வர வேண்டும். எங்கள் கதையில் கணக்கப்பிள்ளை காட்டும் கொழுந்துச் சீட்டில், அந்த மாலையின் நிறுவையில் ஈரத்துக்கான கழிவு எதுவும் இல்லை. அன்று மழை கொட்டியது முதல் காட்சியிலேயே நிறுவப்பட்டுவிட்டது. மழை நாளில் நனைந்த கொழுந்துக்குக் கிலோ கழிப்பதைக் கையால் அனுபவித்தவர்கள் மண்டபத்தில் நிறைந்திருப்பார்கள். அந்தச் சீட்டு வாசிக்கப்படும்போது, விசாரிக்கும் அதிகாரிக்கு முன்பே அவர்களுக்கு உண்மை விளங்கும். இதே காரணத்தால் சிறு பிழையையும் அவர்கள் மன்னிக்க மாட்டார்கள். பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டும்) நேரம், நிறுவை நேரம், சங்கு ஊதும் நேரம் ஆகியவற்றை மலையில் வேலை செய்யும் ஒருவரிடம் வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

4. விசாரணைக் காட்சியைச் சட்டத்தோடு பொருத்துங்கள்

அதிகம் நிகழும் பிழை இதுதான். பொலிஸ் பொறுப்பதிகாரி அதட்டுகிறார், குற்றவாளி அழுது ஒப்புக்கொள்கிறார், திரை விழுகிறது. இலங்கையில் அது வழக்கின் முடிவு ஆகாது. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் காவலில் உள்ளவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை 27 ஆம் பிரிவின்படி சான்றாக்கலாம். நாடக ஆசிரியருக்கு இது தடையைப் போலத் தோன்றும். உண்மையில் நல்ல வாய்ப்பு. ஒப்புதலை விட்டுவிட்டு, ஒளித்துவைத்த பொருளின் இடத்தைச் சொல்லவைப்பதை உச்சக் காட்சியாக்கலாம்.

கைதானவரை இருபத்து நான்கு மணிநேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பதும், மரணம் நிகழ்ந்த இடத்துக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார் என்பதும், பிரேத பரிசோதனையைச் சட்ட வைத்திய அதிகாரி செய்வார் என்பதும் எழுத்துருவில் சரியாக இருக்கட்டும். தூக்குமேடையில் முடிக்காதீர்கள், 1976 க்குப் பிறகு இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

வாக்குமூலம் எழுதும் காட்சியில் மொழியை மறந்துவிடாதீர்கள். தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாதவரிடம் கையொப்பம் வாங்கும் நிலைமை எங்கள் ஊர்களில் கேள்விப்படாத ஒன்றல்ல. தன் நினைவையே சந்தேகிக்கும் மருதாயி, தான் சொன்னதுதான் அந்தத் தாளில் இருக்கிறதா என்று அறிய முடியாமல் பேனையைப் பிடிக்கும் அந்த அரை நிமிடம், எந்த அலறலையும் விடப் பயங்கரமானது.

கேள்வியின் சொல் நினைவையே மாற்றும் என்பதையும் இங்கே பயன்படுத்தலாம். 1974 இல் எலிசபெத் லொப்டஸ், ஜோன் பாமர் இருவரும் ஒரு பரிசோதனையில் வாகன விபத்துக் காட்சியைப் பலருக்குக் காட்டி, சிலரிடம் வாகனங்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்றும், சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் பொருள்படும்படி கேட்டனர். கடுமையான சொல்லைக் கேட்டவர்கள் கூடிய வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, காட்சியில் இல்லாத கண்ணாடித் துண்டுகளைக் கண்டதாகச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். ஆகவே விசாரணை அதிகாரியின் வினைச்சொற்களை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்யுங்கள். “கதவைப் பூட்டினீங்களா?” என்பதும் “கதவைப் பூட்ட மறந்தது எத்தனை மணிக்கு?” என்பதும் மருதாயியை வெவ்வேறு இடங்களுக்குக் கொண்டுபோகும்.

5. மனநோயையும் மரணத்தையும் கையாளும்போது

கொலைக்குக் காரணமாக ‘பைத்தியம்’ என்று எழுதாதீர்கள். அது சோம்பலான எழுத்து. அதோடு, மண்டபத்தில் மனநோயோடு வாழும் ஒருவரோ அவருடைய தாயோ கட்டாயம் இருப்பார். கணக்கப்பிள்ளைக்குப் பயம், கடன், கௌரவம் என்று விளங்கக்கூடிய காரணம் இருக்கட்டும். விளங்கும் காரணத்தால் ஒருவர் கொடுமை செய்யும்போதுதான் பார்வையாளர் நடுங்குவர்.

தற்கொலையை மேடையில் செய்து காட்ட வேண்டாம். முறையையோ நஞ்சின் பெயரையோ சொல்லவும் வேண்டாம். எங்கள் தோட்டங்கள் இந்தத் துயரத்தை நிறையக் கண்டவை. நாடகம் முடிந்ததும் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926 ஐ அறிவியுங்கள். வாசலில் எழுதியும் ஒட்டுங்கள்.

6. நடிகர் தேர்வும் பேச்சும்

குரல் பெரிதாக உள்ளவரைக் கொலையாளியாகப் போடும் வழக்கம் பலரிடம் உண்டு. கணக்கப்பிள்ளைக்கு, ஊரில் யாரும் தம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கக்கூடிய தோற்றமுடையவரைத் தேடுங்கள். மருதாயிக்கு, பேசாமல் நிற்கத் தெரிந்தவர் வேண்டும். தேர்வு நாளில் வசனம் கொடுக்காமல், ஒரு பொருளை இரண்டு நிமிடம் தேடச் சொல்லிப் பாருங்கள். தேடுவதுபோல நடிப்பவரையும் உண்மையாகத் தேடுபவரையும் உடனே பிரித்தறியலாம்.

பேச்சு மலையகப் பேச்சாகவே இருக்க வேண்டும். புதிய நடிகர்கள் மேடையேறியவுடன் சென்னைத் திரைப்படப் பேச்சுக்கோ யாழ்ப்பாண வழக்குக்கோ மாறிவிடுகிறார்கள். மருதாயி கணக்கப்பிள்ளையை “ஐயா” என்பாள். அவர் அவளை “ஆத்தா” என்று அன்பாக அழைத்துக்கொண்டே அவள் நினைவைக் கெடுப்பார். அந்த உறவுச்சொல்லின் இனிமையில்தான் நஞ்சு இருக்கிறது. விசாரணையில் அவர் முதன்முறையாக அவளைப் பெயர் சொல்லி அழைக்கும்போது பார்வையாளருக்கு உறைக்கும்.

7. ஒத்திகையின் வரிசை

ஆறு வாரம், வாரத்தில் இரண்டு மாலைகளும் ஒரு ஞாயிறும். மாலை ஒத்திகையை ஏழு மணிக்குள் முடியுங்கள். பனிமூட்டத்தில் தோட்டப் பாதையால் வீடு திரும்ப வேண்டிய பெண் நடிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குழுவில் நிலைப்பதும் விலகுவதும் பெரும்பாலும் இந்த ஒரு விடயத்தைப் பொறுத்தது.

முதல் வாரம் உட்கார்ந்து வாசியுங்கள். யாருக்கு என்ன தெரியும் என்று இரண்டாம் தாளில் போட்ட கட்டத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு காட்சிக்கும் முன் நடிகர் தமக்கு இப்போது என்ன தெரியும் என்பதை வாய்விட்டுச் சொல்லட்டும். இரண்டாம் வாரம் இறுதிக் காட்சியை முதலில் அமையுங்கள். முடிவில் யார் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்தால்தான் அந்த இடத்துக்கு அவர்களை முன்காட்சிகளில் எப்படி நகர்த்துவது என்று தீர்மானிக்கலாம். மூன்றாம், நான்காம் வாரங்களில் மற்றக் காட்சிகள். ஐந்தாம் வாரம் கையில் எழுத்துரு இருக்கக்கூடாது. ஆறாம் வாரம் நிறுத்தாமல் முழு ஓட்டம். அரங்க முகாமையாளர் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மௌனங்களை எண்ணிக்கையால் பழக்குங்கள். மருதாயி வெற்று ஆணியைக் காணும்போது எத்தனை எண்ணும்வரை எவரும் பேசக்கூடாது என்பதை நிச்சயியுங்கள். பதற்றத்தில் நடிகர் மௌனத்தைச் சுருக்கிவிடுவார். எண்ணி வைத்தால் சுருங்காது.

கடுமையான காட்சிக்குப் பிறகு நடிகரை அப்படியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பாத்திரத்தின் சால்வையையோ தொப்பியையோ கழற்றி, தம் சொந்தப் பெயரையும் இன்றைய நாளையும் சொல்லி, மற்றவரோடு தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும். தன் நினைவு தவறுகிறது என்று ஒன்றரை மாதம் நடித்தவருக்கு இது உண்மையாகவே தேவைப்படுகிறது.

8. ஒளியும் ஒலியும்

முதலில் மின்சாரக் கணக்கு. எங்கள் மின்னழுத்தம் 230 வோல்ட். பழைய மண்டபத்தில் உள்ள 5 அம்பியர் உருளைமுனைச் செருகி ஏறத்தாழ 1150 வாட்டையே தாங்கும். 13 அம்பியர் சதுரமுனைச் செருகி 2990 வாட். 500 வாட் ஹலஜன் விளக்கு இரண்டைப் பழைய செருகியில் மாட்டினால் வேறெதற்கும் இடமில்லை. மேடைக்குப் பின்னால் தேநீருக்காக வைக்கும் மின்கேத்தல் மட்டும் 2000 வாட் வரை இழுக்கும். அது காட்சி நடக்கும்போது இயங்கக்கூடாது என்று ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். உச்சக் காட்சியில் கேத்தலால் இருண்ட மண்டபத்தில் நான் நின்றிருக்கிறேன். எல்.ஈ.டி. விளக்குகள் கிடைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். வயரிங்கை மின்தொழிலாளர் ஒருவர் பார்த்த பின்னரே விளக்குகளை மாட்டுங்கள்.

இருட்டை அதிகம் நம்ப வேண்டாம். முழு இருட்டில் பார்வையாளர் பேசத் தொடங்குவர், பிள்ளைகள் அழுவர், நடிகர் தடுக்கி விழுவர். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் எடுக்கும். ஆகவே இருட்டு ஐந்து விநாடிக்கு மேல் நீடிக்காமல், மேடை விளிம்பிலும் படியிலும் ஒளிரும் நாடா ஒட்டி, பின்புறம் நீலத்தாள் சுற்றிய சிறு விளக்கை வையுங்கள். இவ்வகை நாடகத்துக்கு ஒற்றை மின்குமிழின் மஞ்சள் வெளிச்சமும், அது எட்டாத மூலையும் போதும்.

சாவி பின்வரிசைக்குத் தெரியுமா என்று பாருங்கள். தெரியாது. நாங்கள் சிவப்புக் கம்பளி நூலை நீளமாகக் கட்டினோம். ஆணிக்குப் பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருந்தது. நூல் இல்லாத வெற்றுச் சுவரைக் கண்டதும் முழு மண்டபமும் அறிந்துகொண்டது. மேடைக்கு வரும் ஒவ்வொரு தடயத்தையும் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

ஒலியில் குறைவே சிறப்பு. பயமுறுத்தும் இசையைத் தொடர்ந்து ஓடவிடுவது புதியவரின் பழக்கம். பார்வையாளரின் காது பத்து நிமிடத்தில் மரத்துவிடும். கூரையில் சொட்டும் நீர், தூரத்து நாய், கொழுந்து லொறியின் இரைச்சல், ஒரே ஒரு தப்பின் மெல்லிய அடி ஆகியவற்றில் இரண்டைத் தெரிவுசெய்து, அவற்றுக்குப் பொருள் கொடுங்கள். கணக்கப்பிள்ளை பொருளை நகர்த்தும் தடவைகளில் மட்டும் நீர் சொட்டும் ஓசை நின்றுவிடட்டும். மழை வந்தால் செய்ய வேண்டியதையும் ஒத்திகை பாருங்கள்: நடிகர் முன்மேடைக்கு வரவேண்டிய வசனங்கள் எவை, எந்த அளவுக்கு மழை வலுத்தால் காட்சியை நிறுத்துவது, மீண்டும் எந்த வசனத்திலிருந்து தொடங்குவது.

9. கத்தி, துப்பாக்கி, இரத்தம்

கொலையை மேடைக்கு வெளியே வைக்க முடிந்தால் வையுங்கள். மேடையில் வேண்டுமென்றால் கத்தியின் விளிம்பும் முனையும் மழுங்கியிருக்க வேண்டும். மழுங்கிய கத்தியையும் உடலை நோக்கிப் பாய்ச்சாமல், பார்வையாளருக்கு மறைவான பக்கத்தில் ஒரு கை அகலம் விலக்கி வீசுங்கள். அந்த அசைவை ஒவ்வொரு காட்சி நாளிலும் திரை விலகுமுன் பாதி வேகத்தில் இரண்டு தடவை செய்து பார்க்க வேண்டும். உண்மைக் கத்தியும் போலிக் கத்தியும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது.

போலித் துப்பாக்கியாயினும் பொலிஸுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள். மண்டபத்துக்குள் பட்டாசு வெடிக்காதீர்கள். வெடியோசையால் பழைய பயங்கள் கிளம்பும் மனிதர் எங்கள் நாட்டில் எந்த மண்டபத்திலும் இருப்பார்கள். ஓசை தேவையென்றால் காட்சிக்கு முன் அறிவியுங்கள்.

இரத்தத்துக்குக் கெட்டியான சீனிப்பாகு, சிவப்பு உணவுச் சாயம், நிறத்தை ஆழமாக்கச் சிறிது கொக்கோத் தூள் போதும். துணியில் படுவதற்கான கலவையில் சலவைத் திரவம் சிறிது சேர்த்தால் கறை எளிதாகப் போகும். வாயில் படும் கலவையில் அதைச் சேர்க்கக்கூடாது. பாகு தரையில் சிந்தினால் வழுக்கும், பின் ஒட்டும். காட்சி மாறுமுன் ஈரத்துணியால் துடைப்பவர் யார் என்பதை ஆளின் பெயரோடு எழுதுங்கள்.

10. இறுதி வாரமும் காட்சி நாளும்

இறுதி வாரத்தில் நடிப்பைத் திருத்தாதீர்கள். ஒரு நாள் முழுவதும் ஒளி, ஒலி மாற்றங்களுக்கு மட்டும். நடிகர் அந்தந்த இடத்தின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சொன்னால் போதும். மறுநாள் உடையோடு முழு ஒத்திகை. அதற்குக் கதை தெரியாத ஐந்து பேரை அழைத்து, இடைவேளையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இப்போது யாருக்காகப் பயப்படுகிறீர்கள்? சாவியை எடுத்தவர் யார்? அன்று மழை பெய்ததா? மூன்றாம் கேள்விக்கு இருவர் தடுமாறினால், முதல் காட்சியில் மழையை இன்னும் அழுத்தமாக நிறுவ வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற நாடகமல்ல என்பதை அழைப்பிதழிலேயே எழுதுங்கள். ஆயினும் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் விட்டுவர ஆளில்லாத தாய்மாரைத் திருப்பி அனுப்ப முடியாது. பக்கத்து அறையில் பாயும் வரைதாள்களும் வைத்து, குழுவில் இருவரை அங்கே நிறுத்துங்கள். வெளியேறும் கதவுகளைத் துணியால் மூடியிருந்தாலும் பூட்டக்கூடாது. மின்வெட்டுக்கு இரண்டு டோர்ச் வாசலில் இருக்கட்டும்.

இடைவேளையை எங்கே வைப்பதென்பது முக்கியம். பார்வையாளருக்குத் தெரிந்ததும் மருதாயிக்குத் தெரியாததுமான ஓர் ஆபத்து மேடையில் நிற்கும்போது வெளிச்சத்தை அணையுங்கள். தேநீர் வரிசையில் அவர்கள் அவளைப் பற்றியே பேசுவார்கள்; திரும்பி வரும்போது பிந்தி வந்தவருக்கும் கதை தெரிந்திருக்கும்.

காட்சி முடிந்ததும் அரங்க முகாமையாளர் கைப்பொருள் மேசையில் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணுவார்: போலிக் கத்தி, கொழுந்துச் சீட்டு, பேனை, வாக்குமூலத் தாள். மறுநாளும் ஆற்றுகை இருந்தால் சீட்டைப் புதிதாக எழுதி, உடையை அன்றிரவே ஊறவைத்து, சாவியை நூலோடு மீண்டும் ஆணியில் மாட்டிய பிறகே மண்டபத்தைப் பூட்டுங்கள்.